யாழ்ப்பாணம் ரயில் நிலையம்: கட்டடம் திறந்தாயிற்று, பாதை ஏன் திரும்பவும் மூடப்பட்டது?

2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம் புகையிரத நிலையம் திரும்பத் திறக்கப்பட்டது. போரால் 1990இல் வண்டி நின்றதிலிருந்து வந்த 24 ஆண்டு இடைவெளி அன்றோடு முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ஆனால் 2023 ஜனவரியில் கொழும்பு – யாழ்ப்பாணம் நேரடி வண்டிகள் நிறுத்தப்பட்டன. ஆறு மாதம் கழித்து வந்தன. 2024 ஜனவரியில் மறுபடி நின்று, ஒக்டோபர் கடைசியில்தான் திரும்பின. "புதுப் பாதை என்றுதானே சொன்னார்கள், பத்து வருசம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன திருத்த வேலை?" என்று கேட்காத வீடு இங்கே குறைவு. கேள்வி நியாயமானது. போட்ட பாதை தரமில்லை என்ற பேச்சும் அதிலிருந்துதான் கிளம்பியது. அது தவறான முடிவு.

உண்மைக் காரணத்தை விளங்கிக்கொள்ள நிலையத்தின் சுவர்களை மட்டும் பார்த்தால் போதாது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் நீளும் ஒரு பாதையின் வட முனையில் இந்த நிலையம் இருக்கிறது. அந்த 400 கிலோமீற்றரில் எந்த இடம் மிகவும் நலிந்திருக்கிறதோ, அந்த இடம்தான் யாழ்ப்பாணத்துக்கு வண்டி வருமா, எத்தனை மணிக்கு வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. 1902இலும் இதே கதைதான், 1990இலும் இதே கதைதான், 2023இலும் இதே கதைதான்.

முதலில் அடிப்படை: வடக்குப் பாதை எது?

கொழும்பு கோட்டையிலிருந்து பொல்காவலை வரை வடக்கு வண்டியும் மலையக வண்டியும் ஒரே பாதையில் போகின்றன. பொல்காவலையில் வடக்குப் பாதை பிரிகிறது. குருநாகல், மஹவ, அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா, ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி என்று வந்து யாழ்ப்பாணத்தைத் தொட்டு, கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் வழியாகக் காங்கேசன்துறையில் கடலோரம் முடிகிறது. மதவாச்சியில் ஒரு கிளை மன்னார் வழியாகத் தலைமன்னாருக்குப் போகிறது.

இரண்டு விசயங்களை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1. இது அகலப் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அடி. இந்தியாவின் அகலப் பாதையும் இதே அளவு. இந்தியத் தொழிற்சாலைகளில் செய்த பெட்டிகளும் எஞ்சின்களும் இங்கே பெரிய மாற்றமில்லாமல் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

2. இது ஒற்றைப் பாதை. போகும் வண்டியும் வரும் வண்டியும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓட வேண்டும். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க, பக்கப் பாதை உள்ள நிலையம் ஒன்றில் ஒரு வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். "ஏன் இந்தச் சின்ன ஸ்ரேசனில் இவ்வளவு நேரம் போட்டுவைத்திருக்கிறான்" என்று பயணிகள் சலித்துக்கொள்ளும் நேரங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஒற்றைப் பாதையில் ஓரிடத்தில் வேலை என்றால் சுற்றிப் போக வேறு தண்டவாளம் கிடையாது. இந்தக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

1902: தெற்கோடு சேராத ஒரு பாதை

பலருக்குத் தெரியாத செய்தி, யாழ்ப்பாணத்துக்கு ரயில் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை. குடாநாட்டின் பாதை வடக்கிலிருந்து தெற்கு நோக்கித்தான் போடப்பட்டது. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஊடாகச் சாவகச்சேரி வரையான பகுதி 1902 மார்ச் 11இல் திறக்கப்பட்டது. அப்போது தெற்கிலிருந்து வந்த பாதை அனுராதபுரத்தைக்கூட எட்டவில்லை. பொல்காவலை – குருநாகல் துண்டு மட்டும் 1894இல் முடிந்திருந்தது. நடுவில் வன்னிக் காடு.

ஆகவே அன்று குடாநாட்டில் ஓடிய எஞ்சினும் பெட்டியும் கடல் வழியாக வந்து இறங்கியவை. பாதை ஏன் துறைமுகத்தில் தொடங்கியது என்பதற்கும் விடை அதுதான். மூன்று ஆண்டுகளுக்கு மேல் யாழ்ப்பாணம் நிலையத்தில் வண்டி வந்து போனது, ஆனால் அது உள்ளூர் வண்டி. கொழும்புக்குப் போக வேண்டியவர் முன்போலவே கப்பல் ஏறினார், இல்லாவிட்டால் ஆனையிறவு தாண்டி மாட்டுவண்டிப் பாதையில் போனார்.

வடக்கும் தெற்கும் வன்னியில் சந்தித்த பிறகு, 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி கொழும்பு – யாழ்ப்பாணம் நேரடி வண்டி ஓடத் தொடங்கியது. பயண நேரம் 13 மணித்தியாலம் 20 நிமிடம். இன்றைக்கு அது பெரிய நேரம். அன்றைக்கு ஒரு பகலும் ஓர் இரவுப் பாதியும் இருந்தால் கொழும்பு என்பது நம்ப முடியாத வசதி.

நிலையம் ஊருக்கு என்ன செய்தது

இந்தப் பாதை இல்லாமல் இருபதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தை யோசிக்கவே முடியாது. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். அவர்களின் சம்பளம் மணியோடராக ஊருக்கு வந்தது. ஆளைக் கொண்டுபோனதும் ரயில், லீவுக்குத் திரும்பக் கொண்டுவந்ததும் ரயில், தபாலைக் கொண்டுவந்ததும் ரயில். இரவு வண்டிக்கு மெயில் என்று பெயர் வந்ததே தபால் ஏற்றி வந்ததால்தான். வெள்ளி இரவு கொழும்பில் மெயில் ஏறினால் சனி காலை ஊரில் கிணற்றடி, ஞாயிறு இரவு திரும்ப ஏறினால் திங்கள் காலை கந்தோர். ஒரு தலைமுறை உத்தியோகத்தர்களின் குடும்ப வாழ்க்கை இந்த நேரசூசியின் மேல்தான் நடந்தது.

1956 ஏப்ரல் 23இல் யாழ்தேவி பகல் நேரக் கடுகதி வண்டியாக ஓடத் தொடங்கியது. அது கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த டீசல் எஞ்சின்கள் இலங்கைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். நிலக்கரி எஞ்சினில் போய்க் கரி அப்பிய சட்டையோடு இறங்கியவர்களுக்கு இது வேறொரு உலகம்.

சரக்கு விசயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். புகையிலை, சுருட்டு, பனங்கட்டி, வெங்காயம், மிளகாய் எல்லாம் தெற்கே போயின. மாம்பழக் காலத்தில் வைக்கோல் பரப்பி அடுக்கிய கறுத்தக்கொழும்பான் பெட்டிகள் கார்ட் பெட்டியில் ஏறின. 1970களின் முதல் பாதியில் அரசாங்கம் வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் கட்டுப்படுத்தியபோது, குடாநாட்டுத் தோட்டக்காரர் கையில் முதல் தடவையாகப் பெரும் காசு புழங்கியது. அந்த விளைச்சலைத் தென்னிலங்கைச் சந்தைக்குச் சேர்த்ததில் இந்தப் பாதைக்குப் பெரிய பங்கு உண்டு. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையின் மூட்டைகளும் இதே வழியால்தான் போயின. பாதை போனால் வெறும் பயண வசதி மட்டும் போவதில்லை, சந்தையும் சேர்ந்து போகிறது என்பதை 1990க்குப் பிறகு ஊர் நேரடியாகக் கண்டது.

1985 முதல் 1990 வரை

வண்டி ஒரே நாளில் நின்றுவிடவில்லை. 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவி குண்டுவெடிப்பில் சிக்கியது. படையினரும் பொதுமக்களும் இறந்தார்கள். அதன் பிறகு சேவை விட்டு விட்டுத்தான் நடந்தது. 1987இல் இந்திய – இலங்கை ஒப்பந்தம் வந்தபின் கொஞ்சக் காலம் மூச்சு விட்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வவுனியாவுக்கு வடக்கே ரயில் முற்றாக நின்றது.

அதே ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையும் தொடங்கியது. செப்டெம்பர் கடைசியில் படையினர் கோட்டையை விட்டுப் போகும்வரை நகரின் நடுப்பகுதி குண்டும் செல்லுமாக இருந்தது. ஸ்ரான்லி வீதிப் பக்கம் இருக்கும் புகையிரத நிலையம் கோட்டையிலிருந்து நடை தூரம். பிறகு பல ஆண்டுகள் அங்கே நின்றது கூரை இல்லாத சுவர்களும், பிளாற்போமின் வெடிப்புகளில் முளைத்த மரங்களும்தான்.

தண்டவாளம் எங்கே போனது?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் "போர் முடிந்தது 2009, ரயில் வந்தது 2014, நடுவில் ஐந்து வருசம் என்ன செய்தார்கள்" என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

நிலையம் சேதமடைந்தால் கட்டலாம். ஆனால் ஓமந்தைக்கு வடக்கே பாதை சேதமடையவில்லை, இல்லாமலே போய்விட்டது. தண்டவாளங்களும், அவற்றைத் தாங்கக் குறுக்கே போடும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. போரிட்ட இரு தரப்பும் இதைச் செய்தன. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். பங்கர் ஒன்றின் உயிர் அதன் கூரையில் இருக்கிறது. வீட்டுக்காரர் வெட்டிய பங்கருக்குப் பனங்குற்றி போட்டார்கள். செல் நேராக விழுந்தாலும் தாங்க வேண்டிய காவலரண் என்றால் இரும்பு வேண்டும். ரயில் தண்டவாளம் அதற்கென்றே செய்த உத்திரம் மாதிரி, ஆறு மீற்றர் துண்டைத் தூக்கவே நாலைந்து பேர் வேண்டும். குழியின் குறுக்கே அவற்றை நெருக்கி அடுக்கி, மேலே சிலிப்பர் கட்டைகளைப் பரப்பி, அதன் மேல் மண் மூட்டை. வைரம் பாய்ந்த மரம் என்பதால் சிலிப்பர் கட்டை மழையிலும் இலேசில் உக்காது.

எஞ்சியது மண் மேடு. பல இடங்களில் அது சைக்கிள் பாதையாயிற்று. 1990இலேயே காங்கேசன்துறையைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் போக இடமில்லாமல் ரயில் காணிகளிலும் பழைய நிலையக் கட்டடங்களிலும் கொட்டில் போட்டன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சொந்தக் காணியில் காலடி வைக்க முடியாதவர்கள், ஆள் நடமாட்டமில்லாத அரச காணியில் குந்தினார்கள்.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் மோதாமல் இருக்க ஓர் ஏற்பாடு வேண்டும் அல்லவா? பழைய முறையில் அதற்கு ரப்லெற் என்று பெயர். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் கம்பியால் இணைக்கப்பட்ட இரண்டு இயந்திரங்கள் இருக்கும். நிலைய அதிபர் மணியடித்து அடுத்த நிலைய அதிபரிடம் அனுமதி கேட்பார். அவர் சம்மதித்தால்தான் இங்குள்ள இயந்திரம் ஒரு வட்டத் தகட்டை வெளியே விடும். ஒன்று வெளியே இருக்கும்வரை இரண்டு இயந்திரமும் இன்னொன்றை விடாது. அந்தத் தகட்டைத் தோல் உறையில் போட்டு, பெரிய வளையத்தில் கோத்து, எஞ்சின் சாரதியிடம் கொடுப்பார்கள். நிற்காமல் போகும் வண்டி என்றால், சாரதியின் உதவியாளர் கையை நீட்டி ஓடும் எஞ்சினிலிருந்தே வளையத்தைப் பிடிப்பார். அந்தத் தகடு கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அடுத்த துண்டுக்குள் நுழையக் கூடாது. 1990க்குப் பிறகு இந்தக் கம்பியும் இல்லை, இயந்திரமும் இல்லை, அதை இயக்கத் தெரிந்த ஆட்களும் ஓய்வு பெற்றோ ஊர்விட்டுப் போயோ இல்லாமலானார்கள்.

2009 – 2015: வண்டி படிப்படியாக வந்த வரிசை

யாழ்தேவி திரும்பி வந்த செய்தியை நாம் ஒரு தடவை அல்ல, பல தடவை கேட்டோம். ஒவ்வொரு துண்டும் முடிய முடியத் திறந்ததால் வந்த குழப்பம் அது. வரிசை இதுதான்:

1. வவுனியா – தாண்டிக்குளம்: 2009 ஜூன்.
2. தாண்டிக்குளம் – ஓமந்தை: 2011 மே.
3. ஓமந்தை – கிளிநொச்சி: 2013 செப்டெம்பர் 14.
4. கிளிநொச்சி – பளை: 2014 மார்ச் 4.
5. பளை – யாழ்ப்பாணம்: 2014 ஒக்டோபர் 13.
6. யாழ்ப்பாணம் – காங்கேசன்துறை: 2015 ஜனவரி 2.

முதல் இரண்டும் சிறு துண்டுகள். ஓமந்தைக்கு வடக்கே பளை வரை ஏறத்தாழ 90 கிலோமீற்றர், பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56 கிலோமீற்றர், இவை இரண்டும் இந்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான இர்கோன் அடியிலிருந்து புதிதாகப் போட்டவை.

வேலை எந்த ஒழுங்கில் நடந்தது என்று பார்த்தால் ஐந்து ஆண்டுக் கணக்கு விளங்கும். தண்டவாளம் போடுவது கடைசி வேலை. அதற்கு முன் கண்ணிவெடி அகற்ற வேண்டும். ஆனையிறவும் முகமாலையும் ஆண்டுக்கணக்காகப் போர்முனையாக இருந்த இடங்கள். பளைக்கும் எழுதுமட்டுவாளுக்கும் இடையில் பாதை முகமாலையைக் கடந்துதான் போக வேண்டும், நாட்டில் வெடி மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட மண்ணில் அதுவும் ஒன்று. அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கிய பிறகுதான் மண்வெட்டி வைக்கலாம். பிறகு மண் மேட்டை உயர்த்தி இறுக்க வேண்டும், பாலங்களையும் மதகுகளையும் கட்ட வேண்டும். குடாநாட்டில் கிடைப்பது சுண்ணாம்புக் கல், தண்டவாளத்துக்கு அடியில் போட அது உதவாது. சிலிப்பரைத் தாங்கும் கருங்கல் ஜல்லி முழுவதும் குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். இத்தனைக்கும் பிறகு கொங்கிறீற்று சிலிப்பர், அதன் மேல் பற்றவைத்து இணைத்த நீளத் தண்டவாளம், பிறகு சிக்னல்.

இந்த வரிசையில் நிலையக் கட்டடம் மிகச் சுலபமான பகுதி என்றே சொல்வேன். யாழ்ப்பாணம் நிலையத்தில் 2014இல் வெள்ளை அடித்துத் திறந்த முகப்பைப் படம் எடுக்காதவர் இல்லை. முகமாலையில் போட்ட மண் மேட்டை யாரும் படம் எடுக்கவில்லை. ஆனால் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தது அதுதான்.

பணம் யாருடையது?

"இந்தியா கட்டித் தந்தது" என்று பொதுவாகச் சொல்கிறோம். பாதி சரி. 2009க்குப் பின் வடக்கு ரயில் பாதைகளுக்காக இந்தியா ஒதுக்கிய தொகை, தலைமன்னார்க் கிளையும் சிக்னல் வேலையும் சேர்த்து, ஏறத்தாழ 80 கோடி அமெரிக்க டொலர். அது அன்பளிப்பு அல்ல, சலுகை வட்டிக் கடன். இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கி ஊடாக வந்தது, திருப்பிக் கட்ட வேண்டியது இலங்கைத் திறைசேரி. இப்படிப்பட்ட கடனில் வேலையை எடுப்பதும் பெருமளவு பொருள் வாங்குவதும் கடன் கொடுக்கும் நாட்டு நிறுவனங்கள் வழியாகத்தான் நடக்கும். ஆகவே உதவி என்று நன்றி சொல்வதும் சரி, நம் வரிப்பணத்தில் கட்டப்படுகிறது என்ற உரிமையோடு தரம் கேட்பதும் சரி. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர் முழுக் கணக்கையும் சொல்லவில்லை.

2023இல் ஏன் மூடினார்கள்?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். மேலே உள்ள வரிசையைத் திரும்பப் பாருங்கள். புதுப் பாதை ஓமந்தையிலிருந்து வடக்கே. ஓமந்தைக்குத் தெற்கே மஹவ வரையான 128 கிலோமீற்றரும் போர்க் காலத்தில் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்த பழைய பாதை. ஓடிக்கொண்டிருந்தது என்பதாலேயே அதை யாரும் தோண்டிப் புதுப்பிக்கவில்லை. தண்டவாளம் தேய்ந்து, மண் இளகி, பல இடங்களில் வண்டி வேகத்தைக் குறைத்து ஊர்ந்தது.

ரயில் பாதையின் கொடுமை என்னவென்றால் வடக்கே 100 கிலோமீற்றர் வேகத்துக்குப் பாதை போட்டாலும் நடுவில் இழந்த நேரத்தை மீட்க முடியாது. ஒரு கணக்குக்காகப் பார்ப்போம். 128 கிலோமீற்றரை மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 3 மணி 12 நிமிடம் செல்லும். மணிக்கு 100 என்றால் 1 மணி 17 நிமிடம். வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். யாழ்ப்பாணம் நிலையத்தில் என்ன மாற்றம் செய்தாலும் இந்த இரண்டு மணித்தியாலம் கிடைக்காது. அது மதவாச்சியிலும் அனுராதபுரத்திலும் கிடைக்க வேண்டியது.

அந்த வேலைதான் இரண்டு கட்டமாக நடந்தது:

1. அனுராதபுரம் – ஓமந்தை, 62 கிலோமீற்றர்: 2023 ஜனவரியில் மூடி ஜூலையில் திறந்தது.
2. மஹவ – அனுராதபுரம், 66 கிலோமீற்றர்: 2024 ஜனவரியில் மூடி ஒக்டோபர் கடைசியில் திறந்தது.

இதுவும் இந்தியக் கடன்தான், ஏறத்தாழ 9 கோடியே 13 இலட்சம் டொலர். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் அனுராதபுரத்துக்கு வந்தபோது முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

சரி, வண்டியை ஓடவிட்டுக்கொண்டே இரவில் திருத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். இரட்டைப் பாதையாக இருந்தால் ஒன்றை மூடி மற்றதில் ஓட்டலாம். ஒற்றைப் பாதையில் தண்டவாளத்தைத் தூக்கி, அடியில் உள்ள மண்ணையும் ஜல்லியையும் மாற்றும்போது அதில் வண்டி போக இடமில்லை. சிறு பழுது என்றால் இரவில் பார்க்கலாம், அடியோடு மாற்றுவது என்றால் மூடத்தான் வேண்டும். பஸ்ஸில் அவதிப்பட்டவர்களுக்கு இது ஆறுதல் இல்லை. மூடும் திகதியும் திறக்கும் திகதியும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் 2014இல் போட்ட பாதை கெட்டுப்போனதால் மூடினார்கள் என்பது மட்டும் உண்மையல்ல.

சிக்னல்: இன்னும் மிச்சமுள்ள இடைவெளி

ரப்லெற் முறைக்குப் பதிலாக அனுராதபுரத்திலிருந்து காங்கேசன்துறை வரை இப்போது நிற விளக்குச் சிக்னல் இருக்கிறது. எந்தத் துண்டில் வண்டி நிற்கிறது என்பதைப் பாதையில் பொருத்திய கருவிகளே உணர்ந்து விளக்கை மாற்றும். அனுராதபுரத்துக்கு வடக்கே உள்ள இந்த வசதி, தெற்கே மஹவ வரையான 66 கிலோமீற்றரில் இருக்கவில்லை. அந்தத் துண்டுக்குச் சிக்னல் போடும் வேலை 2025 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது. இதற்கான ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சம் டொலர் மட்டும் கடன் அல்ல, நன்கொடை.

சிக்னல் என்றால் பாதுகாப்பு மட்டுமல்ல. ஒற்றைப் பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஓடலாம் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. "இன்னொரு கடுகதி விடலாமே" என்று யாழ்ப்பாணத்தில் கேட்கும் கோரிக்கைக்கு விடை மஹவவில் இருக்கிறது என்பது இதனால்தான்.

காங்கேசன்துறை: வண்டி போன இடத்துக்கு ஆள் போக முடியாத காலம்

2015 ஜனவரியில் ரயில் காங்கேசன்துறையைத் தொட்டபோது அந்த ஊரின் பெரும்பகுதி படையினர் வசமிருந்த, மக்கள் நுழைய முடியாத உயர் பாதுகாப்பு வலயமாகவே இருந்தது. 25 ஆண்டுகளாக முகாம்களில் இருந்தவர்கள் தங்கள் ஊர் நிலையத்தில் வண்டியால் இறங்கலாம், ஆனால் வேலிக்கு அப்பால் தெரியும் தங்கள் காணிக்குள் போக முடியாது. பிறகு காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. முழுவதும் விடப்படவில்லை. பாதையைத் திருப்பித் தருவதும் ஊரைத் திருப்பித் தருவதும் வேறு வேறு வேலைகள், முதலாவதைக் காட்டி இரண்டாவது முடிந்துவிட்டதாகப் பேசக் கூடாது.

2023 ஒக்டோபரில் நாகபட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்ப ஓடியது. இது தொடர்ந்தால் காங்கேசன்துறை நிலையம் வெறும் கடைசி நிலையமாக இருக்காது, கப்பலால் வருபவருக்கு முதல் நிலையமாகிவிடும்.

கடவைகள்: உயிர் போகும் இடம்

பாதை திரும்பி வந்ததன் விளைவுகளில் மிகக் கவலையானது இதுதான். குடாநாட்டில் ஒழுங்கைகள் நெருக்கம். கோண்டாவிலுக்கும் மல்லாகத்துக்கும் இடையில் ரயிலில் போனால், பாதையைக் குறுக்கிடும் வீதிகளையும் ஒழுங்கைகளையும் எண்ணி முடியாது. கதவு போட்டவை சில, மணியும் விளக்கும் மட்டும் உள்ளவை சில, எதுவுமே இல்லாதவை பல.

இதில் மூன்று காரணங்கள் ஒன்று சேர்கின்றன.

1. 24 ஆண்டுகள் ரயில் இல்லை. அந்தக் காலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடவையில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கும் பழக்கமே உருவாகவில்லை.

2. புது வண்டி சத்தம் குறைவு. பழைய தண்டவாளத் துண்டுகளின் பொருத்துகளில் சில்லு ஏறி இறங்கும் தடக் தடக் ஓசை தூரத்திலேயே கேட்கும். பற்றவைத்த தண்டவாளத்தில் அந்த ஓசை இல்லை. வீட்டு மதிலும் வாழைத் தோட்டமும் மறைக்கும் ஒழுங்கையில் வண்டி கண்ணில் படும்போதுதான் வருகிறது என்றே தெரியும்.

3. வேகம். மணிக்கு 100 கிலோமீற்றர் என்றால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீற்றர். 300 மீற்றரில் கண்டால் கையில் இருப்பது 11 நொடி. சாரதி அப்போதே பிரேக் பிடித்தாலும் அந்தத் தூரத்துக்குள் வண்டி நிற்காது. மோட்டார் சைக்கிள் தண்டவாள இடுக்கில் நின்றுபோனால் 11 நொடி எதற்கும் காணாது.

கடவைக் காவலாளிகளின் நிலையும் சரியில்லை. பல கடவைகளில் அவர்கள் ரயில்வேயின் நிரந்தர ஊழியர்கள் அல்ல, பொலிஸ் ஊடாக மிகக் குறைந்த கொடுப்பனவுக்கு அமர்த்தப்பட்டவர்கள். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் பலமுறை போராட்டம் நடத்தியிருக்கிறார்கள், சில நாட்கள் கடமைக்கு வராமலும் இருந்திருக்கிறார்கள். கோடிக்கணக்கான டொலரில் போட்ட பாதையில் கடைசிப் பாதுகாப்பு, வெயிலில் ஒரு கொட்டிலுக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த ஆளின் கையில்தான் இருக்கிறது.

சின்னச் சின்ன ஒழுங்கைக் கடவைகளை மூடி, அருகிலுள்ள ஒரு பெரிய கடவையோடு பக்க வீதியால் இணைத்து, அந்த ஒன்றுக்குத் தானியங்கிக் கதவு போடுவது நடைமுறையில் செய்யக்கூடியது. அதற்குப் பிரதேச சபை, வீதி அபிவிருத்தி, ரயில்வே, பொலிஸ் நான்கும் ஒரு மேசையில் இருந்து ஒவ்வொரு கடவையாகப் பார்க்க வேண்டும். பக்க வீதிக்குக் காணி விட அயலவரும் சம்மதிக்க வேண்டும். செலவு, புதுப் பாதைக்குப் போன தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.